நி-யில் நின்ற ஆர்கன்

"இந்த வாரம் நாம ஜெயிக்கறதுக்கு நீங்க என்ன பண்ணினீங்க, டெல்ஃபின்?"

"ஆர்கன் வாசிச்சேன்."

"அது தெரியும். அதனால எத்தனை வெற்றி?"

"நாலு மேட்ச் ஜெயிச்சோமே."

"நாலும் உங்களாலயா?"

"மூணு மேட்ச் தோத்தோம். அது என்னாலயான்னு நீங்க கேக்கலையே?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ட்ரெவர் ஸ்டான்விக் சிரிக்கவில்லை. சிரித்தது யார் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக் கூட்டம் அது. போர்ட் அன்ஸன் ஹெரான்ஸ் பேஸ்பால் அணிக்கு ட்ரெவர் தலைமை நிர்வாகியாக வந்ததிலிருந்து, ஆட்டக்காரர்களைத் தவிர்த்து மைதானத்தில் வேலை பார்க்கும் அறுபத்தியொரு பேரும் வாராவாரம் எழுந்து நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஹெரான் என்றால் நாரை. முப்பது வருஷமாக ஒற்றைக் காலில் நின்றும் எங்கள் நாரை ஒரு கோப்பையைக்கூடக் கொத்தவில்லை. ட்ரெவர் அதற்கு முன்னால் ஒரு செருப்புக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவராம். பேஸ்பால் மட்டையை எந்த முனையில் பிடிப்பது என்று அவருக்குத் தெரியுமா என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது.

வந்த முதல் வாரமே சுவரெல்லாம் வாசகம் எழுதினார். 'இரண்டாம் இடம் என்பது நாகரிகமான தோல்வி.' பெண்கள் கழிப்பறைக் கண்ணாடிக்கு மேலேயும் அது இருந்தது. கை கழுவும்போது மனசு கஷ்டப்படும்.

வாசகத்தோடு ஒரு பலகையும் வந்தது. அதற்கு 'வெற்றிப் பங்கு' என்று பெயர். யாரால் எத்தனை மேட்ச் ஜெயித்தோம் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு எண். மாதக் கடைசியில் கடைசி இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். ஜூனில் பாப்கார்ன் பொரிக்கிறவர் போனார். அவர் ஒரு மேட்ச்கூட ஜெயித்துக் கொடுக்கவில்லையாம்.

"அடுத்து ஆர்லோ," என்றார் ட்ரெவர்.

ஆர்லோ புல் வெட்டி மண் சமன் செய்கிறவன். எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"போன வாரம் ஸ்டில்வெல் டீம் வந்தாங்கல்ல, அவங்கல்லாம் குதிரை மாதிரி ஓடுவாங்க. அவங்க ஓடுற வழியில மண்ணுக்குக் கொஞ்சம் தண்ணி கூடுதலா விட்டேன்."

"கொஞ்சம்னா?"

"தவளை வந்துச்சு."

கைதட்டல். ஆர்லோவுக்கு 0.6. ஊரில் அதற்குப் பெயர் போங்கு. பலகையில் அதற்குப் பெயர் முன்முயற்சி.

எனக்கு அந்த வாரம் 0.1. என் பெயர் வெர்னா. வடக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். எதிரணி ரசிகர்கள் இருபது பேரைத் தப்பான படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று பாராட்டினார்கள். உண்மையில் தோள்பட்டை வலி. வழி காட்ட நீட்டிய கை பாதியில் இறங்கிவிட்டது. ஆனாலும் பாராட்டை மறுக்கவில்லை. யார் மறுப்பார்கள்?

டெல்ஃபினுக்கு 0.0. அறுபத்தியோராவது இடம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூலை முடிய பதினோரு நாள் இருக்கு, வெர்னா."

"பாத்துக்கலாம்."

"என்னத்தப் பாக்கறது? எனக்கு எழுபது வயசு. வீட்ல ஆர்கன் கிடையாது, வைக்க இடமும் கிடையாது. அந்தக் கண்ணாடிக் கூண்டும் பெஞ்சும் போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? கோழி வளக்கவா?"

"கோழி நல்ல யோசனைதான்."

"வாயை மூடு."

மைதானத்துக்கு மேலே அந்தக் கூண்டில், ஆர்கன் பெஞ்சில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள் அவள். மட்டைக்காரன் நடந்து வரும்போது அவனுக்கென்று ஒரு பாட்டு, பந்துக்கும் பந்துக்கும் நடுவே கூட்டத்தைக் கைதட்ட வைக்க ஆறு சுரத்தில் ஒரு துணுக்கு. நாப்பதாயிரம் பேர் கையை அவள் பத்து விரலால் ஆட்டுவாள். மழை பெய்து ஆட்டம் நின்றால் இரண்டு மணி நேரம் தனியாக வாசிப்பாள். அவளுக்கு வேண்டியது அந்தப் பெஞ்ச் மட்டும்தான். அதை ட்ரெவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை டெல் என்னிடம் இரண்டு குரலில் சொன்னாள். ட்ரெவரைவிட அவள் பேசும் ட்ரெவர்தான் எனக்கு நன்றாகக் காதில் விழும்.

"உக்காருங்க டெல்ஃபின். இந்தப் பெட்டிக்குள்ள ஒரு மெஷின் இருக்கு. ஆறாயிரம் பாட்டு வாசிக்கும். லீவு கேக்காது. எதுத்துப் பேசாது."

"ஜோக் சொன்னா சிரிக்குமா?"

"நான் சொன்னா சிரிக்கும். ஆனா இதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பவும் எனக்கு வழி இருக்கு."

வழியைச் சொன்னார். பேஸ்பாலில் மட்டைக்காரனுக்கு முதுகுப் பக்கம் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவன் கேட்சர். அடுத்தது என்ன பந்து என்று அவன்தான் வீச்சாளருக்குச் சொல்வான், தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டி. ஒரு விரல் வேகப்பந்து, இரண்டு விரல் வளைபந்து. மட்டைக்காரனுக்கு அது தெரியாது. தெரிந்துவிட்டால் அப்புறம் அது ஆட்டமே இல்லை, பரிசளிப்பு விழா. ட்ரெவர் மைதானத்தின் எதிர்க் கோடியில் ஒரு கேமராவை வைத்துவிட்டார், நேராக அந்தத் தொடைகளைப் பார்த்து. மாடியில் மூன்று பேர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். விரல் காட்டியதற்கும் வீச்சாளர் கையைத் தூக்குவதற்கும் நடுவே இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் விஷயம் மட்டைக்காரனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

"இது திருட்டு," என்றாள் டெல்.

"அந்த வார்த்தை இந்தக் கட்டடத்துல கிடையாது. இது தகவல் சமநிலை."

"எங்க தெருவுல ஒருத்தன் வீடு வீடா ஏறிக் குதிச்சு சமநிலை பண்ணினான். மூணு வருஷம் உள்ள போட்டாங்க."

"நான் உங்களை எதுவும் செய்யச் சொல்லலையே? உங்க காலடியில ஒரு சிவப்பு விளக்கு வச்சிருக்கோம். எரியும், அணையும். எரிஞ்சா வளைபந்து. அதைப் பாத்து உங்களுக்கு என்ன தோணுதோ வாசிங்க. எதுவும் தோணலைன்னா மெஷின்."

"எரிஞ்சா என்ன தோணணும்?"

"டங்குன்னு ஒரு தப்பான சுரம். ஒண்ணே ஒண்ணு. ஆட்டக்காரங்க புரிஞ்சுக்குவாங்க."

"தப்பான சுரமா?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"ட்ரெவர், நான் திருடியா வேணும்னா ஆவேன். அபஸ்வரம் வாசிக்க மாட்டேன்."

இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"முதல்ல ஒண்ணு சொன்னியே, அது உன் காதுல விழுந்துச்சா?" என்றேன்.

"எது?"

"திருடியா ஆவேன்னது."

"அது ஒரு பேச்சுக்கு."

பேச்சுக்கு இல்லை. மறுநாளே தொடங்கிவிட்டாள். அபஸ்வரம் இல்லாமல் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த ஆறு சுரத் துணுக்கு ஒழுங்காகப் போய் ச-வில் உட்கார்ந்தால் வேகப்பந்து. விளக்கு எரிந்தால், ஐந்து சுரத்தையும் வாசித்து நி-யில் கொண்டுவந்து நிறுத்தி, கையை எடுத்துவிடுவாள். அப்படியென்றால் வளைபந்து. வீட்டு வாசல்வரை நடந்து வந்த விருந்தாளி கதவைத் தட்டாமல் அப்படியே நிற்கிற மாதிரி இருக்கும். சுருதி சுத்தம். தப்பென்று யாராலும் சொல்ல முடியாது. முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் நாரைக்குத் திடீரென்று இரண்டு காலும் முளைத்தது. உள்ளூரில் பன்னிரண்டு மேட்சில் பத்து வெற்றி. போன வருஷம் வளைபந்தைப் பார்த்தாலே கும்பிடு போடும் ஆட்டக்காரர்கள் அதைப் பார்க்கிங் தாண்டி அடித்தார்கள். டெல்ஃபினின் எண் 0.0-விலிருந்து 2.4-க்கு ஏறியது. ஆகஸ்ட் பாதியில் பலகையில் நான்காவது இடம். ஆர்லோ தவளைகளை வைத்துக்கொண்டு எட்டாவது இடத்தில் கிடந்தான்.

ஊருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. ஜெயித்துவிட்டு வெளியே போகிற கூட்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டே போனது. வாசலில் நிற்கிற எனக்குத்தானே அது தெரியும்? ஒரு பல் டாக்டர் என்னை நிறுத்திக் கேட்டார்: "மேடம், மேட்ச் பாத்துட்டுப் போனா எனக்குத் தும்மல் வந்து வராத மாதிரியே இருக்கு. ஹாட் டாக்ல ஏதாவது மாத்திட்டாங்களா?" ஒரு பெண்மணி கடிதமே எழுதினாள்: மேட்ச் முடிந்து வரும் கணவர் குளியலறையில் பாதிப் பாட்டுப் பாடி நிறுத்திவிடுகிறார், நான் பிரிந்து போகலாமென்று இருக்கிறேன். ட்ரெவர் அதைப் படித்துவிட்டு ஹாட் டாக் கம்பெனியை மாற்றினார்.

ராதமேஸ் அல்மான்சர் ஒருநாள் ஆர்கன் கூண்டுக்கு ஏறி வந்தான். டொமினிக்கன் நாட்டுக்காரன், இருபத்தாறு வயசு, எங்கள் அணியில் அதிகமாக அடிக்கிறவன். டெல்லை அவன் ஊர் வழக்கப்படி மரியாதையாக 'டோன்யா' என்பான். தேங்காய் மிட்டாய்ப் பொட்டலம் கொண்டுவந்திருந்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன். மிட்டாய் வருகிறது என்றால் நான் இருப்பேன்.

"டோன்யா டெல்ஃபின், போன வாரம் வெளியூர் போனோம். இருபத்தோரு தடவை மட்டை பிடிச்சேன். ரெண்டே அடி."

"இங்க எத்தனை?"

"இங்க இருபதுல பதினொண்ணு."

"அப்ப சந்தோஷமா இரு."

"அந்த ஊர்ல ஆர்கன் வாசிக்கறவர் ஒரு கிழவர். அவர் எல்லாத்தையும் ச-வுல முடிக்கறார். நான் வேகப்பந்து, வேகப்பந்துன்னு மட்டையைச் சுத்திக்கிட்டே இருந்தேன். வந்ததெல்லாம் வளைபந்து."

எனக்குச் சிரிப்பு வந்து மிட்டாய் புரையேறியது. அவன் சிரிக்கவில்லை.

"கண்ணால பாத்து அடிக்கறது மறந்துபோச்சு, டோன்யா. காதாலதான் அடிக்கறேன்."

"வேணாம்னு சொல்லு. உனக்கு மட்டும் எல்லாத்தையும் ஒழுங்கா முடிச்சிடறேன். ட்ரெவருக்குத் தெரியாது."

ராதமேஸ் கண்ணாடி வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆர்லோ கீழே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க அம்மா தலையில நாரைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஊர் பூரா நடக்கறா. சர்ச்சுக்கும் அதோடதான் போறா. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"தெரியலைப்பா," என்றாள் டெல். "எனக்கும் சொல்ல வரலை."

செப்டம்பர் கடைசி ஞாயிறு. மத்தியான ஆட்டம். எதிரே ஸ்டில்வெல். அன்றைக்கு ஜெயித்தால் பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் கோப்பைச் சுற்று. ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவதோடு வாசலில் கூட்டம் நின்றுவிடும்; நான் ஒரு ஹாட் டாக் வாங்கிக்கொண்டு டெல்ஃபினின் கூண்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மூன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருந்தோம்.

ஸ்டில்வெல்லின் வீச்சாளர் எஸ்ரா லிண்ட்க்விஸ்ட். ஆறே முக்கால் அடி, சோளக்காட்டுப் பையன், மஞ்சள் தாடி. அவன் பந்தை எங்கள் ஆட்கள் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவன் என்ன பண்றான்?" என்றாள் டெல்.

"காதைக் குடையறான்."

"எதுக்கு?"

"பூச்சி போயிருக்கும்."

லிண்ட்க்விஸ்ட் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கினான். ஏறினான். மறுபடியும் காதைக் குடைந்தான். கேட்சரைக் கூப்பிட்டு, கையுறையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னான். கேட்சர் இவனுக்குப் பைத்தியமா என்பதுபோல் பார்த்துவிட்டு, போய்க் குந்தினான். விளக்கு எரிந்தது. டெல் வாசித்தாள், நி-யில் நிறுத்திக் கையை எடுத்தாள்.

லிண்ட்க்விஸ்ட் பந்தை வீசவில்லை. முழுசாகத் திரும்பி, அண்ணாந்து எங்கள் கூண்டைப் பார்த்து, வாயைத் திறந்து பாடினான். ஒரே ஒரு சுரம்.

நாப்பதாயிரம் பேருக்கு அது கேட்டிருக்காது. டிவிக்காரர்கள் புல்லில் புதைத்து வைத்திருந்த மைக்கில் விழுந்து, எங்கள் கூண்டின் ஒலிபெருக்கியில் தெளிவாக வந்தது. டெல்ஃபின் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினாள்.

"சுத்தமா இருந்துச்சு," என்றாள்.

"எது?"

"ச."

"டெல், அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே வாசிக்காதே."

அடுத்த மட்டைக்காரனாக ராதமேஸ் வந்தான். கேட்சர் குந்தினான். டெல்ஃபினின் காலடியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"டெல்."

"எரியுதே," என்றாள். விரல் அதுபாட்டுக்குப் போய்விட்டது. ஐந்து சுரம், நி-யில் நிறுத்தம்.

வளைபந்து வெளிப்பக்கமாக விலகிப் போகும். அதை எட்டிப் பிடித்து அடிக்க ராதமேஸ் முன்கூட்டியே உள்ளே சாய்ந்தான். கேட்சர் காட்டியது பொய் விரல். வந்தது வேகப்பந்து, மணிக்குத் தொண்ணூற்றேழு மைல், நேராக விலாவுக்கு. அந்தச் சத்தம் எங்களுக்கு மைக்கில் கேட்டது. அதை நான் எழுதப்போவதில்லை.

விழுந்து கிடந்தவன் வீச்சாளரைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் திருப்பி எங்கள் கூண்டைப் பார்த்தான்.

தூக்கிக்கொண்டு போனார்கள். கூண்டில் போன் அடித்தது. டெல் எடுத்தாள், ட்ரெவர் குரல் எனக்கே கேட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"ராதமேஸை இப்பதான் தூக்கிட்டுப் போறாங்க."

"பாத்தேன். அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. நல்லதுதான். இனிமே பொய் விரல் காட்டுவாங்க. நீங்க தலைகீழா வாசிங்க. சிவப்புன்னா ச, அணைஞ்சா நி."

"அதையும் கண்டுபிடிச்சா?"

"அதையும் தலைகீழாக்கலாம்."

"அப்புறம்?"

"ஜெயிக்கற வரைக்கும்."

"அதுக்குள்ள எத்தனை விலா?"

"டெல்ஃபின், இன்னைக்கு நீங்க வாசிக்கலைன்னா நாளைக்குக் காலையில அந்த மெஷினைப் பிரிப்பேன். உங்க பெஞ்சைத் தூக்கிக் குப்பையில போடுவேன். புரியுதா?"

"புரியுது," என்றவள் ரிசீவரை என் கையில் கொடுத்தாள். "வெர்னா, இதைப் பிடி." இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"டெல்ஃபின்? டெல்ஃபின்!"

"சார், நான் வெர்னா. வடக்கு வாசல்."

"நீ அங்க என்ன பண்றே?"

"ஹாட் டாக் சாப்பிடறேன் சார். புது கம்பெனி நல்லா இல்லை."

அதற்கப்புறம் ஐந்து இன்னிங்ஸ் அந்த மைதானத்தில் ஆர்கன் கேட்கவில்லை. மட்டையோடு வந்த ஒவ்வொருவனும் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான், மணியில்லாத கோயிலில் மணிச் சத்தம் எதிர்பார்க்கிறவன் மாதிரி. ஒன்றும் வரவில்லை. மூன்று பந்தில் ஒருவன் அவுட், மூன்று பந்தில் இன்னொருவன். ஐந்துக்கு மூன்று என்று தோற்றோம். சிவப்பு விளக்கு மட்டும் கடைசிவரை எரிந்து எரிந்து அணைந்தது; மாடியில் அந்த மூன்று பேரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாளே ஸ்டில்வெல் புகார் கொடுத்ததால் மெஷின் பெட்டியிலேயே இருந்தது; விசாரணை அக்டோபரில். லீக் தலைமை மூன்று வக்கீல்களை அனுப்பியது. ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. தட்டு நிறைய பிஸ்கட். கேமராவையும் விளக்கையும் அதற்குள் கழற்றிவிட்டார்கள். கம்பி போன ஓட்டையைக்கூட ஆர்லோவை விட்டுச் சுண்ணாம்பு வைத்துப் பூசியாயிற்று. ஆர்லோவுக்கு அதற்கு 0.4. எழுத்தில் எதுவும் கிடையாது. மிச்சமிருந்தது ஆர்கன் ஒலிப்பதிவு மட்டும்.

உள்ளே போவதற்கு முன்னால் ட்ரெவர் டெல்லையும் துணைக்குப் போன என்னையும் லிஃப்ட் பக்கத்தில் பிடித்தார்.

"எப்படி இருக்கீங்க டெல்ஃபின்? நல்லா இருக்கீங்களா? ஒரு யோசனை. ராதமேஸ் உங்க கூண்டுக்கு வந்தான்ல? மிட்டாயோட? படிக்கட்டு கேமரால இருக்கு."

"வந்தான்."

"ஆட்டக்காரங்கதான் வந்து கெஞ்சினாங்கன்னு சொல்லிடுங்க. அவன் ஒருத்தன் பேர் போதும். ஆறு மாசம் வெளிய உக்கார வைப்பாங்க. விலா எலும்பு ரெண்டு போயிருக்கு, அவன் எப்படியும் உக்காரத்தானே போறான்?"

"எனக்கு?"

"பெஞ்ச். உயிர் இருக்கற வரைக்கும். இதோ எழுதியே வச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டாச்சு."

டெல் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே ஒரு சின்ன கீபோர்டு வைத்திருந்தார்கள். தலைமை வக்கீல் வழுக்கைத் தலை, நல்ல மனுஷன், ஆனால் சங்கீதத்துக்கு மரக்கட்டை.

"முதல்ல வேகப்பந்து வாசிங்க."

டெல் வாசித்தாள்.

"அழகா இருக்கு. இப்ப வளைபந்து."

வாசித்து, நி-யில் நிறுத்தினாள்.

"இதுவும் அழகா இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?"

நான்கு தடவை வாசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாவது வக்கீலுக்குக் கால் ஆட ஆரம்பித்தது. தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். சாட்சி சொல்ல வந்த லிண்ட்க்விஸ்ட் எழுந்து, "ஐயா, இது முடியலை. தொங்குது. தயவுசெஞ்சு கேளுங்க," என்று பாடியே காட்டினான்.

"உங்க குரல் நல்லா இருக்கு, மிஸ்டர் லிண்ட்க்விஸ்ட். ஆனா ஒரு பாட்டை எங்க நிறுத்தணும்கறது வாசிக்கறவங்க சுதந்திரம் இல்லையா?"

"நானும் அதைத்தான் சொல்றேன்," என்றார் ட்ரெவர். "கலைஞர்களோட விஷயத்துல எங்க நிர்வாகம் தலையிடறதில்லை."

ஆக, டெல் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் சொல்லி இப்படி வாசிச்சீங்க, மேடம்?"

டெல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பூட்டைத் திறந்து மூடினாள். திறந்தாள். மூடினாள். ட்ரெவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குத்தான் அவருக்குப் பல் இருப்பதே எனக்குத் தெரிந்தது.

"ட்ரெவர் கேமரா வச்சார். என் காலடியில விளக்கு வச்சார். எரிஞ்சா வளைபந்துன்னார். நான் வாசிச்சேன்."

"ஆட்டக்காரங்க யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலை. ராதமேஸ் மிட்டாய் கொடுத்தான். தேங்காய் மிட்டாய். இவ பாதியைத் தின்னா."

தலைவர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க," என்றேன்.

"நிர்வாகம் உங்களைக் கட்டாயப்படுத்துச்சா?"

"இல்லை. பெஞ்சைக் காட்டினாங்க." காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "இன்னைக்கும் காட்டினாங்க. இப்பதான், லிஃப்ட் பக்கத்துல."

"அப்படி வாசிக்கும்போது உங்களுக்குக் கஷ்டமா இருந்ததா?"

"அதுதான் இல்லை. ரொம்ப நல்லா இருந்தது. ஆகஸ்ட்ல நான் நாலாவது இடம்."

வெளியே தாழ்வாரத்தில் லிண்ட்க்விஸ்ட் அவளுக்காகக் காத்திருந்தான். தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

"விலாவுக்குப் போட்டது நான்தான், மேடம். சும்மா பயமுறுத்தத்தான் நினைச்சேன். அவர் அவ்வளவு உள்ள சாய்வார்னு தெரியாது."

"சாய வச்சது நான். நீ எங்க பாட்டு கத்துக்கிட்டே?"

"எங்க அம்மா சர்ச்சுல ஆர்கன் வாசிப்பாங்க. நான் பக்கத்துல உக்காந்து தாள் திருப்புவேன். ஒண்ணு கேக்கணும். நீங்க பேசாம ஒரு தப்பான சுரத்தை அடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. வயசானவங்க, கை தவறிடுச்சுன்னு விட்டிருப்பேன். ஏன் அப்படிச் செய்யலை?"

டெல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு உயரத்துக்கும் அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"கை தவறிடுச்சா? எனக்கா?"

தீர்ப்பு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. ட்ரெவருக்கு ஒரு வருஷத் தடை; அதை அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பண்பு பற்றிப் பேசிக் கழிக்கிறார் என்று கேள்வி. ஆட்டக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. ராதமேஸ் ஊருக்குப் போய் விலா ஆறும்வரை அம்மா சமையலில் இருந்தான். டெல்ஃபினுக்கு ஆயுள் தடை: லீக்கின் எந்த மைதானத்திலும், டிக்கெட் வாங்கியும்கூட, கால் வைக்கக் கூடாது. மெஷினைப் பெட்டி பிரித்துக் கூண்டில் வைத்துவிட்டார்கள்.

ஏப்ரலில் புது சீசனின் முதல் ஆட்டம். வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. வரிசையை விட்டு விலகி, கோட்டு போட்டுக்கொண்டு ஒருத்தி வருகிறாள். டெல்.

"உள்ள விடு, வெர்னா. பெடல் மிதிக்கற என் ஷூ அங்கயே இருக்கு. எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"நீ எங்க ஓடப் போறே? விட முடியாது டெல். உன் படத்தை இங்க ஒட்டி வச்சிருக்காங்க."

"நல்ல படமா?"

"பரவாயில்லை. வாய் மூடியிருக்கு."

"அந்த ஷூ மெல்லிசுத் தோலு. இப்ப கிடைக்காது."

"இனிமே எதை மிதிக்கப் போறே?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்னால் ஒருவர், "மேடம், நகருவீங்களா?" என்று கத்தினார்.

"சரி, நான் போய் எடுத்துட்டு வரேன்," என்றேன். "நீ இந்த வாசலுக்கு வெளிய நில்லு. காலை உள்ள வைக்காதே. கையை நீட்டி டிக்கெட்டைக் கிழி. பாதியை அவங்ககிட்ட கொடு, பாதியைப் பெட்டில போடு."

"கையை உள்ள நீட்டலாமா?"

"காலைப் பத்தித்தான் எழுதியிருக்கு."

நான் படியேறிப் போய், கூண்டின் மூலையில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்த ஷூவைக் கண்டுபிடித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இறங்கி வர இருபது நிமிஷம் ஆனது. மேலே மெஷின் ஒரு பிழை இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

டெல் வாசலில் கோட்டைக் கழற்றிக் கம்பியில் மாட்டியிருந்தாள். சரக் சரக்கென்று ஒரே தாளத்தில் டிக்கெட் கிழிந்துகொண்டிருந்தது. என்னைவிட வேகம்.

"இந்தா ஷூ."

வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அடுத்த ஆளின் டிக்கெட்டுக்குக் கை நீட்டினாள்.

"மெஷின் எப்படி வாசிக்குது?" என்று கேட்டேன்.

"தப்பே இல்லை." சரக். "மூச்சு விடத்தான் தெரியலை." சரக்.

"போதும் டெல், நகரு. நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போகலையா?"

"தெருவரைக்கும் நிக்கறாங்களே, வெர்னா," என்றாள். "நீ அந்தப் பக்கம் கிழி."